சனசமூக நிலையத்தில் ஒரு வேலை மேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சிறுபோகத்தின்போது, மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளம் விவசாயி, பழுதான நீர்ப்பம்பை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்தார். பம்பின் தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த உதிரிப்பாகம் இப்போது வருவதில்லை, புதுப் பம்பு வாங்குவதே நல்லது என்று இரண்டு கடைகளில் சொல்லியனுப்பிவிட்டார்கள். என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் உறவினர் என்பதால், கடைசியில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

நான் ஓய்வுபெற்ற தொழினுட்பப் பாட ஆசிரியன். எனக்கு உலோக வேலை ஓரளவு தெரியும். ஆனால் கடைசல் இயந்திரம் என்னிடம் இல்லை. திண்ணையில் பம்பைக் கழற்றி வைத்திருந்தபோது, அவ்வழியே போன சைக்கிள் கடைக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். வாழைச்சேனைக் காகித ஆலையில் பொறிமுறையாளராக இருந்த என் அயலவரும் வந்து குந்தினார். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் என் பேத்தி, தன் பாடசாலைப் பையிலிருந்து வேணியர் இடுக்கிமானியை எடுத்துவந்து தண்டின் விட்டத்தை அளந்தாள். ஆலைக்காரர் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று சொன்னார். சைக்கிள் கடைக்காரர் தமக்குத் தெரிந்த கராஜ் ஒன்றிலிருந்து பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து எடுத்துவந்தார். பொழுதுபடுமுன் பம்பு தண்ணீரை இழுத்தது. எங்கள் நால்வரில் எவராலும் தனியே அந்த வேலையைச் செய்து முடித்திருக்க முடியாது. மறுநாள் அந்தத் திண்ணை பழையபடி வெறும் திண்ணையாகிவிட்டது.

அந்தத் திண்ணையை நிரந்தரமாக்க வேண்டும் என்பதே நான் இக்கடிதத்தில் சொல்ல விரும்புவது. உலகின் பல ஊர்களில் இதற்கென்றே பொதுப் பட்டறைகள் இயங்குகின்றன. இடமும் கருவிகளும் கூடுபவர்கள் எல்லாருக்கும் பொது, நடத்துபவர்களும் அவர்களே. ஜேர்மனியின் மியூனிக் நகரில் தச்சு, உலோகம், மட்பாண்டம் என்று பல வேலைகளையும் சாதாரணக் குடிமக்கள் வந்து தாமே செய்துகொள்ளும் இல்லம் ஒன்று 1987இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகங்களோடு துளைகருவி, வாள், ஏணி என்பவற்றையும் இரவல் கொடுத்து வருகிறது. நெதர்லாந்தில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் 2009 ஒக்டோபரில் அம்ஸ்டர்டாமில் முதலாவது திருத்தக் கூடலை நடத்தினார். பழுதான மின்விளக்கையோ தையல் இயந்திரத்தையோ எடுத்துக்கொண்டு வருபவர், கைதேர்ந்த ஒருவரின் பக்கத்தில் இருந்து அதைத் தாமே திருத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அதன் முறை. கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்ளும் கடையல்ல அது. இன்று அத்தகைய கூடல்கள் பல நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கின்றன.

கணினி சார்ந்த பட்டறைகளும் இவ்வாறே வளர்ந்தன. பேர்லினில் 1995 முதல் இயங்கும் சீ-பேஸ், வியன்னாவில் 2006இல் தோன்றிய மெட்டாலாப், சான் பிரான்சிஸ்கோவின் நொய்ஸ்பிரிட்ஜ் ஆகியவற்றை உறுப்பினர்களே நடத்துகிறார்கள். வாடகையில் பெரும்பங்கு அவர்களின் சந்தாவிலும் நன்கொடையிலும்தான் தங்கியிருக்கிறது. இவற்றை ஆங்கிலத்தில் ஹக்கர்ஸ்பேஸ் என்பார்கள். நமது பத்திரிகைகளில் ஹக்கர் என்றாலே வங்கிக் கணக்கில் கைவைக்கும் திருடன் என்று பொருளாகிவிட்டதால் இச்சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் திடுக்கிடக்கூடும். உண்மையில் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழினுட்பக் கழகமான எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாதிரி ரயில் பாதை கட்டி விளையாடிய மாணவர் கழகத்தில் பொருளைக் கழற்றிப் பார்த்துப் புதுவிதமாய் இயக்கிக் காட்டுபவனுக்குச் செல்லமாகச் சூட்டப்பட்ட பெயர் அது.

நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு அண்மையிலுள்ள பாபல் என்ற வறண்ட கிராமம். அங்கே கலாநிதி எஸ். எஸ். கல்பாக் 1983இல் விஞ்ஞான ஆசிரமம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பாடசாலைக் கல்வியில் நிலைக்காத கிராமத்துப் பிள்ளைகள் வீடு கட்டுதல், பயிர் வளர்த்தல், இயந்திரம் திருத்தல் ஆகியவற்றைச் செய்தபடியே கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எம்.ஐ.டி. பேராசிரியர் நீல் கேர்ஷன்ஃபெல்ட் கணினியால் இயங்கும் இயந்திரங்களைக் கொண்ட தம் ஃபாப் லாப் என்னும் பட்டறைத் திட்டத்தை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுசென்றபோது 2002இல் முதலில் தெரிந்தெடுத்த இடங்களுள் அந்தக் கிராமமும் ஒன்று. இன்று அத்தகைய பட்டறைகள் உலகெங்கும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பாபலில் கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம் வந்து சேர்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அதைப் பயன்படுத்தக்கூடிய கைகள் அங்கே பழகத் தொடங்கிவிட்டன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் நமது மாவட்டங்களில் எத்தனையோ பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் படித்துத் தொழில் பெற்றவர்கள் பலர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நானும் சில காலம் கற்பித்த நிலையம் ஒன்றில் (அதன் பெயர் வேண்டாம்), மரம் சீவும் இயந்திரம் ஒன்று பொலித்தீன் உறை பிரிக்கப்படாமலே மூன்று ஆண்டுகள் இருந்தது. திட்டம் முடிந்தது, பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார், சாவி அலுவலகப் பெட்டிக்குள் போயிற்று. கதவு திறந்திருந்த காலத்திலும் அது வாரநாட்களில் அலுவலக நேரத்தில் மட்டுமே திறந்திருந்தது. கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் எப்படிப் பொருந்தும்? பிறகு உறையைப் பிரித்துப் பார்த்தபோது, கடற்காற்றின் உப்பு அந்த இயந்திரத்தின் தட்டைத் தின்றிருந்தது. நம் கரையோரத்தில் இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்க வேண்டுமானால் வாரம் ஒருமுறையாவது அதை இயக்கி எண்ணெய் போட வேண்டும். பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது.

பணமும் இயந்திரமும் மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டிலும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் டெக்‌ஷொப் என்ற நிறுவனம் 2006 முதல் மாதச் சந்தாவுக்கு உயர்தர இயந்திரங்களைப் பயன்படுத்தக் கொடுக்கும் பெரிய பட்டறைகளைப் பல நகரங்களில் நடத்தியது. 2017 நவம்பரில் அது ஒரே நாளில் எல்லாக் கிளைகளையும் மூடி வங்குரோத்து அறிவித்தது. அதே நாட்டில், உறுப்பினர்கள் தாமே கூட்டிப் பெருக்கி, தாமே வாடகை சேர்த்து நடத்தும் சிறிய பட்டறைகள் பல இன்றும் தொடர்ந்து இயங்குகின்றன. ஒன்றில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மற்றதில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள் என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

கூடிச் செய்தல் நமக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றல்ல. மட்டக்களப்பில் ஒரு கூத்து மேடையேறும் விதத்தை நினைத்துப் பார்க்கலாம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார், ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டு எழுதிய சட்டம் கொடுத்த நாளிலிருந்து சலங்கை கட்டி, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்து, அரங்கேற்றம் வரை பல மாதங்கள் கழியும். ஆடுபவர்கள் சிலரே என்றாலும் வேலை ஊருக்கெல்லாம் உண்டு. வடமோடி என்ற கூத்து வகைக்குரிய கனத்த உடுப்பையும் தலையில் அணியும் முடியையும் சோடிப்பவர்கள், மத்தளத்துக்குத் தோல் வார்ப்பவர், கூத்தாடும் களரிக்குக் கம்பு வெட்டிப் பந்தலிடும் இளைஞர்கள், பாட்டு மறந்தால் எடுத்துக்கொடுக்கக் கொப்பி பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கொண்டுவருவார்கள். தெரியாதவர் பக்கத்தில் நின்று பொருள் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தெரிந்துகொள்வார். என் சிறுவயதில் முடியில் கண்ணாடித் துண்டு ஒட்டுவதற்குப் பசை காய்ச்சியவன் நான். அளவாகக் காய்ச்சத் தெரியும்வரை எத்தனை சட்டியைக் கரியாக்கினேன் என்பதைப் பிற்காலத்தில் என் மாணவர்களிடம் சொன்னதில்லை. கரைவலை இழுப்பதிலும் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊர் ஒழுங்கு செய்வதிலும் இதே முறைதான்.

ஆனால் பழமையைப் புகழ்ந்து மயங்கவும் நான் விரும்பவில்லை. கம்மாலையின் இரகசியம் கம்மாளர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எந்தக் குடியினர் எந்த வேலைக்குரியவர் என்ற கோடுகளை மீறி ஒரு பையன் துருத்தி ஊதிப் பழகிவிட முடியாது. களரியில் பெண்களின் இடம் பார்வையாளர் வரிசையோடு நின்றது. மருதமுனையின் கைத்தறியில் பெண்களின் கை இல்லாமல் எந்தச் சாரமும் நெய்யப்பட்டதில்லை. என்றாலும் தறியைப் பூட்டித் திருத்தும் வேலைக்கு ஆணைத்தான் கூப்பிட்டார்கள் என்று அவ்வூர் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கேட்கும் பட்டறைக்கு ‘பொது’ என்ற அடைமொழி பொருந்த வேண்டுமானால், வெளிநாட்டுப் பட்டறைகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதற் பாடம், எவர் பிள்ளை என்று கேளாமல் எவரையும் உள்ளே விடும் அந்தத் திறந்த கதவுதான்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரையும் இவ்விடத்தில் நினைக்கிறேன். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், வழக்கொழிந்துபோன யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்கிட்டுப் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியபோது, ஏட்டை மட்டும் கொண்டுசெல்லவில்லை. அவர் கணித்த முளரி யாழ் முதலிய கருவிகளையும் செய்வித்து ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். கணக்கு சரிதானா என்பதை மரமும் நரம்பும்தான் கடைசியில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த தொழில் முன்னிலைப் பாடத்தைப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தோணி கட்டுபவரிடம் போய்க் கேட்டு எழுதிவந்து, அதையே பாடமாகப் படித்தோம். 1977இல் ஆட்சி மாறியதோடு அந்தப் பாடம் போயிற்று. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது பெரும் ஆறுதல். ஆனால் அதைப் படிக்கும் பிள்ளை பாடசாலை மணி அடித்த பின் பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது?

பொருளாதார நெருக்கடியும் இதையே உணர்த்தியது. 2022இன் தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் வெளியே எடுத்தோம். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் உதிரிப்பாகம் இல்லை. இருந்தாலும் விலை எட்டாது. அப்போது ஊரைத் தாங்கியவர்கள் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள்தான். அவர்களுள் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் உள்ளதை எழுதி வைத்தால் போதாது. கைக்குக் கைதான் மாற்ற வேண்டும். அவர்களின் பிள்ளைகளோ கட்டாரிலும் கொரியாவிலும் வேலை செய்கிறார்கள்.

இனி என் யோசனைக்கு வருகிறேன். புதுக் கட்டடம் வேண்டாம். நமது ஊர்கள் பலவற்றில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஒருவர் வாங்கும் பத்திரிகையை ஐம்பது பேர் வாசிப்பதற்காக நம் முன்னோர் அமைத்தவை அவை. இன்று செய்தியைக் கைத்தொலைபேசியிலேயே படித்துவிடுவதால், பல நிலையங்களில் மேசைகளும் வாங்குகளும் தூசிபடிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றில், வாசிகசாலையை அகற்றாமல், பின்பக்க அறையிலோ தாழ்வாரத்திலோ உறுதியான ஒரு வேலை மேசையைப் போடலாம். ஒரு வைஸ், சீவுளி, உளிகள், வாள், அரங்கள், ஸ்பனர் தொகுதி, துளைகருவி, சோல்டரிங் அயன், மல்டிமீட்டர், தையல் இயந்திரம் இரண்டு ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். அது பின்னர் வரட்டும். வந்தாலும், பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்குவதால், நம் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதில் செய்த பாகம் வளைந்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். தையல் இயந்திரத்தின் உடைந்த பற்சில்லுக்கு அது உதவக்கூடும்.

நேரம் முக்கியம். வாரத்தில் இரண்டு மாலைகளும் ஞாயிறு காலையும் திறந்திருந்தாலே பெரிய காரியம். அவற்றில் ஒரு மாலை, உறுப்பினரல்லாத எவரும் வந்து பார்த்துப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். பேர்லினிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் புதியவர்கள் இப்படித்தான் உள்ளே வந்தார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனியே ஒதுக்கிய நேரம் தொடக்கத்தில் தேவைப்படலாம். அதை நிரந்தரமாக்கக் கூடாது என்று என் பேத்தி வற்புறுத்துகிறாள். ஆண்களின் நேரத்தில்தான் நல்ல கருவிகள் வெளியே வரும் என்பது அவளது சந்தேகம். அதில் நியாயம் இருக்கிறது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இருக்கக் கூடாது. தட்டுக் காப்பில்லாத கிரைண்டரும் டிரிப் சுவிட்ச் இல்லாத மின்னிணைப்பும் எத்தனை விரல்களையும் உயிர்களையும் கொண்டுபோயின என்பதை வைத்தியசாலை விபத்துப் பிரிவில் பணியாற்றியவர்கள் அறிவார்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர், சாரத்தை மடித்துக் கட்டியபடி வருபவர், செருப்பில்லாதவர் ஆகியோர் சுழலும் இயந்திரத்தின் அருகே போகக் கூடாது. பழகியவர் ஒருவர் கையொப்பமிட்டு அனுமதித்த பின்பே ஒருவர் இயந்திரத்தைத் தனியே இயக்கலாம் என்று கொப்பியில் எழுதி வைத்தால், பெரியவர் சின்னவர் என்ற பேச்சு எழாது.

கருவி களவு போகும் என்பார்கள். போகும், ஆனால் சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவையும் வரைந்து வைத்தால் மாலையில் எது இல்லை என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கராஜ்காரர்களினதும் தச்சு வேலை செய்யும் ஓடாவிமாரினதும் பிழைப்பைக் கெடுக்குமே என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. என் பதில் இதுதான்: கூலிக்கு வேலை வாங்கும் இடமாக இது மாறக் கூடாது. உரியவர் தம் பொருளைத் தாமே திருத்த வேண்டும். முடியாத வேலையைப் பட்டறையே கடைக்கு அனுப்பும். அன்று பம்பின் புஷ்ஷைக் கடைந்து கொடுத்த கராஜுக்கு அதற்கான கூலி கிடைத்தது. அந்தத் திண்ணை இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திராது. மேலும், தொழிலாளி ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தேவைப்படும் விலையுயர்ந்த கருவியைத் தாமே வாங்காமல் இங்கே வந்து பயன்படுத்தலாம். முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைக்காரரும் தமிழ் ஊரான களுதாவளையின் விவசாயியும் ஒரே மேசையில் ஒரே பழுதைப் பார்த்துக் குனிந்து நிற்பதை நான் பெரிய சமாதானத் திட்டமாகச் சொல்லவில்லை; பழுது தீரவேண்டும், அவ்வளவே.

இதற்குப் பிரதேச சபைகளிடம் நான் கேட்பது மூன்று விடயங்கள்தான்: பயன்படாதிருக்கும் அறை, மின்சாரக் கட்டணத்தில் ஒரு பங்கு, நடத்துவோர் எழுதும் விதிகளுக்கு எழுத்திலான அங்கீகாரம். நிர்வாகத்தை ஊருக்கு விட்டுவிட வேண்டும். புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் பாடசாலை நுழைவாயிலுக்கும் மனமுவந்து அனுப்புகிறீர்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது, உங்கள் வீட்டுக் கராஜில் சும்மா கிடக்கும் நல்ல ஸ்பனர் தொகுதி ஒன்றை எடுத்துவாருங்கள். வந்து நிற்கும் நாட்களில் ஒரு மாலை மேசையருகே இருந்துவிட்டும் போங்கள்.

என் பங்குக்கு, நாற்பது ஆண்டுகளாகப் பாவித்த வைஸையும் இரண்டு சீவுளிகளையும் தருகிறேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் நானும் இருப்பேன். காகித ஆலை அயலவரும் சம்மதித்திருக்கிறார். தேநீர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. எந்த நிலையம் முன்வந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பூட்டு வாங்கும் நாளிலேயே அதற்கு ஐந்து சாவிகள் வெட்டி, ஊரில் வெவ்வேறு வீடுகளில் உள்ள ஐவரிடம் கொடுத்துவிட வேண்டும், அவர்களுள் இருவராவது பெண்களாகவும், ஒருவர் முப்பது வயதுக்குக் குறைந்தவராகவும் இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழினுட்பப் பாட ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு.